காலிக் கோட்டையின் பழைய வாசல்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பிலிருந்து விடியற்காலையில் காரில் புறப்பட்டு, தெற்கு அதிவேகப் பாதை வழியாகப் பின்னதுவையில் இறங்கினால், வெயில் ஏறுவதற்கு முன்பே காலிக் கோட்டையை அடைந்துவிடலாம். ஆனால் ஒரு வேண்டுகோள்: காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பழைய வாசல் வழியாக நடந்தே உள்ளே செல்லுங்கள்.

இன்று பெரும்பாலோர் நுழையும் அகன்ற வாசல், 1873இல் ஆங்கிலேயர் மதிலை உடைத்துத் திறந்தது. முதல் முறை நானும் அதன் வழியாகவே போய், தெருக்களைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த முறைதான் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் பழைய வாசலைக் கண்டேன். அதன் வெளிமுகத்தில் ஆங்கிலேய அரச சின்னம் இருக்கிறது. நீண்ட பண்டகசாலைக் கட்டடத்தின் ஊடே செல்லும் அந்த வளைவைக் கடந்து, உள்ளே நின்று திரும்பிப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், திரும்பிப் பாருங்கள். அங்கே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் VOC என்ற எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, இரு சிங்கங்கள் இருபுறமும் தாங்கி நிற்க, உச்சியில் ஒரு சேவல் நிமிர்ந்திருக்கும். ரோம எண்களில் 1669 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தவர்கள் அதைத் தங்கள் முகவரியாகச் செதுக்கினார்கள். பின்வந்த ஆங்கிலேயர் வெளிமுகத்தில் தங்கள் சின்னத்தை வைத்தார்கள். ஒரே சுவரின் இரு பக்கங்களில் இரண்டு ஆட்சிகளை இவ்வளவு அருகருகே நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு மதில்மேல் ஏறி, நிலப்பக்கத்துச் சூரிய, சந்திர, நட்சத்திரக் கொத்தளங்களைச் சுற்றி வாருங்கள். 2004 ஆழிப்பேரலை வெளியே இருந்த நகரத்தைச் சிதைத்தபோது, உள்ளே இருந்த வீடுகளைப் பெருமளவு காத்தவை இந்த மதில்களே.

நேரம் முடிவதாக ஒலிப்பதிவு அறையிலிருந்து சைகை காட்டுகிறார்கள். வெளிச்சவீட்டைப் பற்றிப் பேச இனி இயலாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1911இல் காலியில் ஒரு வடிகாலின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டிட்டு நிறுவிய அக்கல்லில், சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் இணையாகத் தமிழும் இடம்பெற்று, தெவிநுவரைக் கோயிலின் தெய்வமான தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. ஊர் திரும்பிய மறுநாள் காலையில் அதையும் சென்று பாருங்கள்.