பாய்மரமே இல்லாத கப்பல்! ஜெர்சியும் அந்தக் கொப்பரையும்

வணக்கம் மக்களே. ஜெர்சி சிறைக் கப்பல்னு ஒரு படம் சுத்திக்கிட்டிருக்கு, பாத்தீங்களா? மூணு பாய்மரமும் நிமிர்ந்து நிக்குது! இதையெல்லாம் நான் விடமாட்டேன்னு உங்களுக்கே தெரியும்.

1736-ல இங்கிலாந்து பிளிமத்துல கட்டி இறக்குனப்போ அது பிரிட்டிஷ் கடற்படையோட 60 பீரங்கிக் கப்பல். 1759-ல போர்ச்சுகல் பக்கம் பிரெஞ்சுக் கடற்படையோட நடந்த லாகோஸ் சண்டையில இருந்துச்சு. 1771-ல ஆஸ்பத்திரிக் கப்பல். அப்புறம் அமெரிக்க விடுதலைப் போர்ல, 1780-லேர்ந்து 1783 வரைக்கும், நியூயார்க் புரூக்ளின்ல இருக்கிற வாலபவுட் விரிகுடா சேத்துல, பிடிபட்ட அமெரிக்கர்களை பிரிட்டிஷ்காரங்க அடைச்சு வெச்ச சிறை. பாய்மரம், பாய், பீரங்கி எல்லாம் கழட்டியாச்சு. பீரங்கி வாசலையும் அடைச்சுட்டாங்க. அதுக்குப் பதிலா 10 அடிக்கு ஒண்ணா, 20 அங்குலச் சதுரத்துல ஓட்டை, குறுக்க இரும்புக் கம்பி. உள்ள ஆயிரம் பேருக்கு மேல. காத்துக்கு அதுதான் வழி.

இப்ப கைதிகளுக்குச் சமைச்ச கொப்பரைக்கு வர்றேன், போன வீடியோவுல அதை அவசரமா சொல்லிட்டு ஓடிட்டேன். செங்கல் கட்டுக்குள்ள பதிச்ச பெரிய செப்புக் கொப்பரை, நடுவுல தடுப்பு. ஒரு பக்கம் நல்ல தண்ணியில பட்டாணி, ஓட்ஸ். இன்னொரு பக்கம் கறி, அதுக்கு மட்டும் கப்பலை ஒட்டி மொண்ட கடல் தண்ணி! ஆயிரம் பேரோட கழிவும் கொட்டுறது அதே தண்ணியிலதான். கப்பல் சேத்துல புதைஞ்சு நிக்குது, அலை ஏறி இறங்குனாதான் அழுக்கு போகும். செம்புல உப்புத் தண்ணி தினம் கொதிச்சா என்ன ஆகும்? உள்பக்கம் பூரா பச்சைக் களிம்பு. அந்தக் கறியைத் தின்னா விஷம்தானே!

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். கைதிகள்ல ஆறு பேர் ஒரு குழு, அந்த ஆறு பேருக்கும் சேத்து நாலு மாலுமிக்குக் கொடுக்கிற சாப்பாட்டுப் பங்குதான். குழுவோட கறித்துண்டுல கயிறு கட்டி, அடையாளம் போட்டு உள்ள விடுவாங்க. மணி அடிச்சா வெந்தாலும் வேகாட்டியும் எடுத்துடணும்.

1782-ல அங்க கைதியா கிடந்த தாமஸ் ட்ரிங் எழுதி வெச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். செங்கல் கட்டுல கொக்கி அடிச்சு, சின்னத் தகரக் கெட்டிலைத் தொங்கவிட்டு, குடிக்கக் கொடுத்த தண்ணியில மிச்சம் பிடிச்சு, சிராய் சிராயா பிளந்த விறகுல தனியா வேகவெச்சுக்கிட்டாங்க. களிம்பும் இல்ல, கடல் தண்ணியும் இல்ல.

அந்த விரிகுடாவுல நின்ன சிறைக் கப்பல்கள்ல மொத்தம் 11,000 பேருக்கு மேல செத்திருப்பாங்கன்னு கணக்கு.

பாய்மரமெல்லாம் கழட்டியாச்சுன்னு சொன்னேன்ல, முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற சாய்மரம், சாமான் ஏத்துற பாரந்தூக்கி, கொடிக்கம்பம், இந்த மூணு மட்டும் விட்டிருந்தாங்க. படம் வரையறவங்க அதை மட்டும் வரைங்க.