சுருட்டை விஷத்துக்குக் குளிசை வருமா?

(யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசிகசாலை நிர்வாகத்தினரே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூலக்கூற்று உயிரியலில் இன்று நடக்கும் ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தீர்கள். மரபணுத் திருத்தம், புற்றுநோய்க்கான புதிய மருந்துகள் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பாம்புக்கடியை எடுத்துக்கொண்டேன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் தோட்டக்காரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இருட்டு விலகுமுன் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறப் போகிறவர்கள், புகையிலைப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்பவர்கள். இந்த ஆராய்ச்சி யாருக்கு முதலில் பயன்பட வேண்டுமோ அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

இலங்கையில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2016 இல் வெளிவந்தது. ஓராண்டில் 80,000க்கு மேற்பட்டோரைப் பாம்பு கடித்திருந்தது. அவர்களில் ஏறத்தாழ 30,000 பேருக்கு விஷம் ஏறியிருந்தது, 400க்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். வைத்தியசாலைப் பதிவேடுகள் காட்டியதைவிட இது மிகவும் அதிகம். உலக அளவில் ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 பேர் வரை இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அப்படியிருந்தும், புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலில் பாம்புக்கடிக்கு உறுதியான இடம் கிடைத்தது 2017 இல்தான். கடிபடுகிறவர்கள் ஏழைகள். அவர்களை நம்பி மருந்து செய்தால் இலாபம் இல்லை என்று கம்பனிகள் கணக்குப் போட்டன. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

விஷம் என்பது ஒரு பொருள் அல்ல, பல புரதங்களின் கலவை. நாகத்தின் விஷத்தில் ‘மூவிரல் நச்சு’ என்ற சிறிய புரதம் உண்டு. தசையை இயக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் செய்தியை வாங்கும் இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. இமை தொங்குகிறது, பேச்சுக் குழறுகிறது, மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை நடு இரவில் கடிக்கும் எட்டடி விரியனின் விஷம் இதைவிடக் கொடியது. அது நரம்பின் நுனியையே சிதைக்கிறது. சிதைந்த நுனி மீள முளைக்கும் வரை செயற்கைச் சுவாசம்தான் கதி. முறிமருந்து கொடுத்தாலும் அழிந்ததை உடனே திருப்பித் தர முடியாது.

ஆனால் நம் தீபகற்பத்தின் மணற்பாங்கான நிலத்தில் கவனிக்க வேண்டியது சுருட்டை. மூன்று அடியை எட்டாத சிறிய பாம்பு. அதன் விஷத்திலுள்ள நொதியம் ஒன்று, குருதியை உறையவைக்கும் புரதத்தை உடலெங்கும் தூண்டிவிடுகிறது. உறைவதற்கான சரக்கு முழுவதும் வீணாகத் தீர்ந்துபோக, பிறகு குருதி உறைவதே இல்லை. முரசிலிருந்தும் சிறுநீரிலும் குருதி கசிகிறது. வைத்தியசாலையில் உங்கள் குருதியைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உறைகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது. புடையனும் குருதியைத்தான் தாக்குகிறது. கூடவே சிறுநீரகத்தையும் பழுதாக்குகிறது. இலங்கைப் புடையன் கடித்தால் இமையும் தொங்கும்.

இப்போது கையில் இருக்கும் முறிமருந்து 1890களில் பிரெஞ்சு மருத்துவர் அல்பேர்ட் கால்மெத் போன்றோர் தொடங்கிய முறையில் செய்யப்படுவது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் குருதியில் விஷத்தை எதிர்த்து உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். நமக்கு வருவது இந்திய மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்கு அருகே, 1978 இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தடம் பார்க்கத் தெரிந்த அந்த மக்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

அந்த மருந்து உயிர் காக்கிறது. சந்தேகமே வேண்டாம். ஆனால் குதிரைப் புரதத்தை நம் உடல் அந்நியமாகவே பார்க்கிறது. இலங்கை ஆய்வாளர்கள் 1,007 நோயாளரிடம் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில் 75 சதவீதமானோருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. முறிமருந்துக்கு முன்பே சிறிதளவு அட்ரினலின் ஊசியைத் தோலின் கீழ் போட்டால் கடுமையான ஒவ்வாமை கணிசமாகக் குறைகிறது என்று நிரூபித்ததும் அதே ஆய்வுதான். நம் நாட்டு வாட்டுகளில் பிறந்த அறிவு அது. மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் புதிய வழிகளுக்கு வருகிறேன். 2024 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. பின்னிருவரும் ஒரு புரதம் எந்த வடிவில் மடியும் என்பதைக் கணினியால் முன்கூட்டிச் சொல்ல வழி கண்டார்கள். பேக்கர், இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணினியிலேயே வடிவமைத்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தினரும் டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து, மூவிரல் நச்சின் மேல் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தும் சிறு புரதங்களை உருவாக்கி 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். உயிரைப் பறிக்கும் அளவு நச்சு ஏற்றிய எலிகளில் 80 முதல் 100 சதவீதம் பிழைத்தன. இந்தப் புரதத்துக்குக் குதிரை வேண்டாம், பாம்பு பிடிக்க வேண்டாம். பற்றீரியாவிலேயே வளர்த்து எடுக்கலாம்.

மனிதப் பிறபொருளெதிரிகளிலும் முன்னேற்றம் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தினர் பங்கேற்ற குழு ஒன்று 2024 இல், நாகத்தின் நச்சையும் எட்டடி விரியனின் இனத்தைச் சேர்ந்த பாம்பின் நச்சையும் ஒருசேரத் தடுக்கும் பிறபொருளெதிரி ஒன்றை உருவாக்கிக் காட்டியது.

பத்திரிகைகள் பெரிதாக எழுதியவை இவைதான். வியந்து பாராட்ட வேண்டிய சாதனைகள். எனினும் இவையெல்லாம் நாகத்தையும் எட்டடி விரியனையும் ஒத்த பாம்புகளுக்கானவை. சுருட்டைக்கும் புடையனுக்கும் இவை உதவா. யாழ்ப்பாணத்தை மனதில் வைத்துப் பார்த்தால் எனக்கு அதிக நம்பிக்கை தருவது, யாரும் பெரிதாகப் பேசாத குளிசைகள்தான்.

சுருட்டையின் நொதியம் வேலை செய்வதற்கு நாக அணு, அதாவது துத்தநாக அணு, ஒன்று தேவை. அதைப் பிடுங்கிக்கொண்டால் நொதியம் முடங்கிவிடும். யூனிதியோல் என்ற மருந்து ஈயம், பாதரசம் போன்ற உலோக நஞ்சுகளுக்காக நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருப்பது. வாயால் விழுங்கலாம். நம் சுருட்டையின் உறவினமான மேற்கு ஆபிரிக்கச் சுருட்டையின் விஷத்திலிருந்து அது எலிகளைக் காப்பாற்றியது. கென்யாவில் ஆரோக்கியமான தொண்டர்களிடம் அதன் பாதுகாப்பும் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. வாரஸ்பிளாடிப் என்ற இன்னொரு குளிசை, புடையனிலும் எட்டடி விரியனிலும் உள்ள வேறொரு நொதியத்தைத் தடுப்பது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனையில் ஒட்டுமொத்தமாக அது தெளிவான பயனைக் காட்டவில்லை. கடிபட்டு 5 மணித்தியாலத்துக்குள் எடுத்தவர்களிடம் மட்டும் நன்மைக்கான அறிகுறி தென்பட்டது. மிகைப்படுத்தாமல் சொன்னால் இவ்வளவுதான்.

ஆனாலும் நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். இரவில் ஒருவருக்குக் கடித்தால் படகு வர வேண்டும், குறிகாட்டுவானுக்குக் கடல் கடக்க வேண்டும், அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வர வேண்டும். குளிர்சாதனமும் ஊசியும் வேண்டாத ஒரு குளிசையைத் தீவிலேயே விழுங்கிவிட்டுப் படகேற முடிந்தால், அந்த நேரம் முழுவதும் விஷத்துக்கு எதிரான நேரமாக மாறும். முறிமருந்துக்கு அது மாற்று ஆகாது, அவகாசம் வாங்கித் தரும்.

இதே சுருட்டையிடமிருந்து மருத்துவம் கடனும் வாங்கியிருக்கிறது. குருதித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் எகிஸ்டாட்டின் என்ற புரதம் அதன் விஷத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து வடிவமைத்த டிரோஃபிபான் 1998 முதல் மாரடைப்பு நோயாளருக்குக் கொடுக்கப்படுகிறது.

உயர்தர உயிரியல் மாணவர்களுக்குத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறும். ஆபிரிக்கச் சுருட்டையில் பலித்த குளிசை வலிகாமத்துச் சுருட்டையில் பலிக்குமா என்பதை வெளிநாட்டில் இருப்பவர்கள் நமக்காகப் பார்த்துச் சொல்லப்போவதில்லை. இதற்கு ஆரம்பத்தில் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. உள்ளூர் விஷம், மனிதக் குருதித் திரவம், மருந்து, உறையும் நேரத்தை அளக்கும் கருவி. மருத்துவ பீட ஆய்வுக்கூடத்தில் செய்யக்கூடிய வேலை. 1848 இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்பு அதைத் தமிழிலேயே கற்பித்த ஊர் இது. இந்தக் கேள்விக்கான விடையும் இங்கிருந்தே வரலாம்.

அந்தக் குளிசை வரும் வரை, தயவுசெய்து கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். மோதிரத்தையும் காப்பையும் கழற்றுங்கள். காலை அசைக்காமல் வைத்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். பாம்பை அடித்து எடுத்துவர வேண்டாம். தூர நின்று கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் வைத்தியருக்கு அது போதும்.

இந்த ஆய்வில் ஆர்வமுள்ள மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். முதலில் படிக்க வேண்டியவற்றைக் கொண்டுவந்திருக்கிறேன்.