பெரோவ்ஸ்கைட் சோலார் செல்: ஓட்டையை அடைத்த கதை

[திரையில்: கண்ணாடித் தகட்டின் மேல் கருப்பாக மின்னும் படலம்]

இந்தப் படலத்தின் தடிமன் சுமார் அரை மைக்ரோமீட்டர். சிலிக்கானுக்கு நூறு மைக்ரோமீட்டருக்கும் மேல் தேவைப்படுகிறது. 2009-ல் ஜப்பானில் மியாசகா குழு பெரோவ்ஸ்கைட் என்னும் படிக வகைப் பொருளை வைத்துச் செய்த செல்லின் செயல்திறன் 3.8 சதவீதம். அதுவும் சில நிமிடங்களில் கெட்டுப்போனது. இன்று ஆய்வகத்தில் 26 சதவீதம் தாண்டியாயிற்று.

எப்படி? வெளிச்சத்தை உறிஞ்சுவதில் இந்தப் பொருள் அன்றைக்கே கெட்டிதான். ஆனால் ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றி என்ன பயன்?

[திரையில்: எண்முகங்கள் சேர்ந்த கூடு, நடுவில் ஓர் அயனி]

ஈயமும் அயோடினும் சேர்ந்து கூடு கட்டுகின்றன. நடுவில் ஒரு நேர்மின் அயனி. முதலில் அந்த இடத்தில் மெத்தில் அமோனியம் இருந்தது, சூடு தாங்கவில்லை. ஃபார்மமிடினியம் தாங்கும். அதன் பட்டை இடைவெளியும் (எலக்ட்ரானை விடுவிக்க ஒளிக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட், ஒற்றைச் செல்லுக்கு உகந்த 1.34-ஐ இன்னும் நெருங்குகிறது. ஆனால் உருவத்தில் பெரியது. கூடு குலைந்து, அறை வெப்பநிலையிலேயே கருப்புப் படிகம் மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் சோலார் செல்லுக்கு உதவாது. சிறிய சீசியம் அயனியைக் கொஞ்சம் கலந்தார்கள், கருப்பு நிலைத்தது.

[திரையில்: மேற்பரப்பு நெருக்கக் காட்சி]

எனக்கு இதைவிடச் சுவாரசியம் மேற்பரப்புதான். அங்கே அயோடின் விட்டுப்போன காலியிடங்களும் பிணைப்பு கிடைக்காத ஈய அணுக்களும் இருக்கும். எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் இடம்) அந்தப் பள்ளங்களில் மாட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து வெப்பமாகிவிடுகின்றன. விழுவது மின்னழுத்தம். அமோனியம் உப்புகளை மெல்லிசாகப் பூசினால் அவை இந்தக் குறைகளை மூடுகின்றன. இதற்குப் பெயர் பாசிவேஷன். துளைகளை வெளியே எடுக்கும் பக்கத்தில், ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள கார்பசோல் (ஒரு கரிமச் சேர்மம்) அடுக்கு போதும். மூலக்கூறின் ஒரு முனை அடியிலுள்ள மின்முனையின் ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு தானாகவே வரிசை கட்டிவிடும். கடந்த சில ஆண்டுகளின் முன்னேற்றத்தில் பெரும்பங்கு அடுக்குகள் சந்திக்கும் இந்த இடைமுகங்களில்தான் நடந்தது என்பேன்.

புரோமின் சேர்த்தால் பட்டை இடைவெளி கூடும். அப்படிப்பட்ட படலத்தைச் சிலிக்கான் மேல் அடுக்கினால் நீல ஒளியை மேலே இருப்பதும், அகச்சிவப்பைக் கீழே இருப்பதும் எடுத்துக்கொள்ளும். இந்த ஜோடி 34 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. சிக்கல் என்ன தெரியுமா? புரோமின் அதிகமானால், வெயில் பட்டதும் அயோடினும் புரோமினும் தனித்தனித் திட்டுகளாகப் பிரிய ஆரம்பிக்கும். வெயிலில் வேலை செய்யவேண்டிய பொருளுக்கு இது!

ஈயம் நச்சு என்பதால் வெள்ளீயத்தையும் முயல்கிறார்கள். அது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் செயல்திறன் இன்னும் பின்தங்கியே நிற்கிறது.

அடுத்த சாதனைச் செய்தி வரும்போது செல்லின் பரப்பளவையும் பாருங்கள். பல சாதனைகள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான செல்லில் அளந்தவை.