நூலக வாசலில் ஒரு படி

[காட்சி: சின்ன ஊர் நூலகம் ஒன்றின் வாசல். கேமரா தரையை ஒட்டி இருக்கிறது. திரை முழுக்க ஒரே ஒரு படி.]

இந்தப் படியோட உயரம் 15 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்ல. நம்மள்ல பல பேர் இதை ஒரு படின்னே கணக்குல எடுத்துக்க மாட்டோம், கால் அதுபாட்டுக்கு ஏறிடும். ஆனா சக்கர நாற்காலியில வர்றவருக்கு இது சுவர். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில கூட்டிட்டு வர்ற அம்மா, வண்டியைத் திருப்பிப் பின்பக்கமா இழுத்துத்தான் ஏத்தணும். முழங்கால் வலியோட வர்ற பெரியவர், பிடிச்சுக்க ஒரு கம்பி இருக்கான்னு தேடுவார். இல்லைன்னா எப்படியோ சமாளிச்சு ஏறுவார். அடுத்த வாரம் வர மாட்டார். ஏன் வரலைன்னு யார்கிட்டயும் சொல்லவும் மாட்டார்.

வணக்கம். நூலகக் கட்டடத்தைச் சரி செய்யறதுக்கும், அங்க நடக்கற நிகழ்ச்சிகளுக்கும் என்ன சம்பந்தம்னு இந்த வீடியோவில பார்க்கப் போறோம். கட்டடம் பொறியாளர் பாடு, பிள்ளைகளுக்குக் கதை வாசிச்சுக் காட்டற கதை நேரம் நூலகர் பாடுன்னு பொதுவா பிரிச்சு வெச்சுடறாங்க. அப்படிப் பிரிச்சா பணமும் போகும், ஆளும் வர மாட்டாங்க. இதை நான் ரொம்ப உறுதியாவே சொல்றேன்.

[காட்சி: வெள்ளைத் தாளில் பென்சிலால் வரையும் கை. ஒரு படி, அதன் முன்னால் நீளமான சாய்கோடு.]

முதல்ல அந்தப் படி. சாய்தளத்துக்குப் பல நாடுகள் ஏத்துக்கிட்ட கணக்கு 1-க்கு 12. ஒரு பங்கு உயரம் ஏறணும்னா பன்னிரண்டு பங்கு நீளம் வேணும். அதாவது 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் சாய்தளம். இடம் இல்லைன்னு இதை ஒரு மீட்டர்ல முடிச்சா, பார்க்கச் சாய்தளம் மாதிரிதான் இருக்கும், ஆனா அதுல யாரும் தனியா ஏற முடியாது. மேல போய்ச் சேர்ந்ததும் கதவைத் திறக்கச் சமதளமா ஓர் இடம் வேணும். நாற்காலி முழுசா ஒரு சுற்றுத் திரும்ப 150 சென்டிமீட்டர் அகலம் வேணும். உள்ளே, புத்தக அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல குறைஞ்சது 90 சென்டிமீட்டர் விடணும். கோட்டை விடறது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்துலதான். வாசல்ல அருமையா சாய்தளம் போட்டிருப்பாங்க, உள்ளே போனா ஆள் ஒருக்களிச்சுத்தான் அடுக்குகளுக்கு நடுவுல நுழையணும்.

படிக்குப் பின்னால ஒரு பழைய கதை இருக்கு.

[காட்சி: உயரமான தூண்கள், வாசலுக்கு ஏறிப் போகும் அகலமான படிக்கட்டு. கோட்டோவியம்.]

எஃகுத் தொழில்ல பெரும் செல்வம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த பணத்துல முதல் நூலகம் 1883-ல, ஸ்காட்லாந்துல அவர் பிறந்த டன்ஃபர்ம்லின் ஊர்ல திறந்தது. பிறகு உலகத்துல 2,500-க்கும் அதிகமான நூலகங்கள் அவர் பணத்துல எழும்பிச்சு. அதுல ஏராளமானவை சின்னச் சின்ன ஊர்கள்ல. அந்தக் கட்டடங்கள் பலதுக்கும் முகப்புல உயரமான படிக்கட்டு இருக்கும். அறிவுல மேலே ஏறி வர்றதுக்கு அது அடையாளம்னு விளக்கம் சொல்வாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா பின்னால வந்த தலைமுறை, அதே கட்டடங்களுக்குப் பக்கவாட்டுல சாய்தளமும் மின்தூக்கியும் சேர்த்துக் கட்ட வேண்டியதாப் போச்சு.

கார்னகி விஷயத்துல நான் மனசாரப் பாராட்டறது அவர் போட்ட நிபந்தனையைத்தான். இடத்தை ஊர் தரணும். அதோட, கட்டடத்துக்கு அவர் எவ்வளவு கொடுக்கறாரோ அதுல பத்துல ஒரு பங்கை, வருஷா வருஷம் நூலகத்தை நடத்த ஊர் நிர்வாகம் ஒதுக்கணும். கட்டி முடிச்சுப் பூட்டு போட்டுட முடியாது. ஆள், விளக்கு, புதுப் புத்தகம் எல்லாத்துக்கும் பணம் வந்துக்கிட்டே இருக்கணும். 1911-ல அவரோட செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ரம், ஊர்களுக்கு வழிகாட்டக் கட்டடக் குறிப்பு ஒண்ணு தயார் பண்ணார். மேல்தளம் முழுக்க ஒரே நூலகர் பார்வையில இருக்கணும், கீழே ஒரு சொற்பொழிவு அறை இருக்கலாம்னு அதுல இருக்கு. கூட்டம் கூடிப் பேசற இடம், அன்னிக்கே நூலகத்தோட வரைபடத்துக்குள்ள வந்தாச்சு.

[காட்சி: ஒரு கை, சுவரோரம் இருக்கும் அடுக்கிலிருந்து புத்தகத்தை உருவுகிறது.]

இப்ப வேலையை எங்க ஆரம்பிக்கறது? தண்ணியில. வண்ணம் பூசறதுல ஆரம்பிக்காதீங்க, புது நாற்காலியில ஆரம்பிக்காதீங்க. வெளிச்சுவரை ஒட்டி நிக்கற அடுக்குல, கீழ்வரிசைப் புத்தகம் ஒண்ணை எடுத்துப் பிரிச்சுப் பாருங்க. பக்கங்கள் அலையலையா நெளிஞ்சிருக்கா? தாள்ல பழுப்புப் புள்ளி இருக்கா? முகர்ந்து பாருங்க, பூஞ்சை வாடை தெரிஞ்சிடும். காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலயே நின்னா, பூஞ்சைக்கு வேற எதுவும் தேவையில்ல, தாளும் பசையுமே அதுக்குத் தீனி. கூரை ஒழுகுதா, மழைநீர்க் குழாய் அடைச்சிருக்கா, சுவர்ல தரையிலேர்ந்து ஈரம் ஏறுதா, இதையெல்லாம் பார்த்து முடிக்காம மேல எதைச் செஞ்சாலும் ரெண்டு மழைக்காலத்துல போயிடும். அடுக்குகளைச் சுவர்லேர்ந்து நாலு விரற்கடை தள்ளி வைங்க. பின்னால காத்து போகணும். அதுக்கு ஒரு காசு செலவில்ல.

தண்ணிக்கு அடுத்தது எடை. புத்தகம் கையில லேசா இருக்கும், சேர்ந்தா பாறை. அமெரிக்கக் கட்டட விதிகள்ல, நூலகத்துப் படிக்கும் அறைத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 290 கிலோ தாங்கணும். புத்தக அடுக்கு அறைத் தளம் சுமார் 730 கிலோ தாங்கணும். ரெண்டரை மடங்கு! அதனால, 'கீழே குழந்தைகளுக்கு இடம் வேணும், அடுக்குகளை மாடிக்கு ஏத்திடலாம்'னு யாராவது சொன்னா, கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்ற வரைக்கும் ஒரு பெட்டியைக்கூட மேல ஏத்தாதீங்க.

வெளிச்சம் பத்திச் சுருக்கமா. வெளிச்சத்தை அளக்கற அலகு லக்ஸ். படிக்கற மேசை மேல 500 லக்ஸ், அடுக்குகள்ல 200 லக்ஸ்னு ஐரோப்பிய வரையறை சொல்லுது. விளக்கு வரிசையும் அடுக்கு வரிசையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலைன்னா, விளக்கு அடுக்கோட தலையில எரியும், கீழ்வரிசை இருட்டுல கிடக்கும். அடுக்கை நகர்த்தும்போது விளக்கையும் சேர்த்தே யோசிங்க.

[காட்சி: சக்கரம் பொருத்திய தாழ்வான அடுக்கு. ஒருவர் கால் நுனியால் பிரேக்கை விடுவித்துத் தள்ளுகிறார். பின்னால் வெறும் தரை. அடுத்து ஒரு பாய் விரிகிறது.]

இதைத்தான் நான் முக்கியமாக் காட்ட நினைச்சேன். சின்ன ஊர் நூலகத்துல இருக்கறதே ஒரு கூடம்தான். அதை ரெண்டாக்கிக் கட்ட இடமும் இல்ல, பணமும் இல்ல. ஆனா நடுவுல இருக்கற அடுக்குகள் மட்டும் இடுப்பளவு உயரத்துல, பூட்டிக்கக்கூடிய சக்கரத்தோட இருந்தா, பத்து நிமிஷத்துல கூடம் காலியாயிடும். காலையில படிக்கற இடம், பதினோரு மணிக்குக் கதை நேரம், சாயங்காலம் கூட்டம். தாழ்வான அடுக்குல இன்னொரு நன்மையும் உண்டு, மேசையில உக்காந்திருக்கற நூலகருக்குக் கூடத்தோட கடைசி மூலை வரைக்கும் தெரியும்.

கதை நேரம் எப்படி இருக்கும்னு பாருங்க. மூணு, நாலு வயசுப் பிள்ளைகள். நூலகர் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரா, பக்கம் வெளிய தெரியற மாதிரி பிடிச்சிருக்கார். தலைகீழா வாசிக்கப் பழகிட்டார். யானை வர்ற பக்கம் வந்ததும் நிறுத்தறார். திருப்பல. ஒரு பிள்ளை பாயை விட்டு எழுந்து வந்து, அந்தத் தாளோட மூலையைத் தானே பிடிச்சுத் திருப்புது. பின்னால உக்காந்திருக்கற அப்பா, வீட்டுல எப்படி வாசிச்சுக் காட்டறதுன்னு பார்த்துக் கத்துக்கறார். கதை நேரத்துல பாதிப் பாடம் பெரியவங்களுக்குத்தான்.

இந்த அரை மணி நேரத்துக்குக் கட்டடத்துலேர்ந்து என்னென்ன தேவைப்பட்டுதுன்னு எண்ணிப் பாருங்க. ஈரமில்லாத தரை. நகர்ற அடுக்கு. தள்ளுவண்டி நிறுத்த ஓர் ஓரம். குழந்தை எட்டற உயரத்துல கை கழுவற தொட்டி. சத்தம் பக்கத்து மேசைக்கு எதிரொலிக்காம இருக்கத் துணியோ மென்பலகையோ பொருத்தின சுவர். பொறியாளர் கேட்க வேண்டிய பட்டியல் இதுதான், அது நூலகர் கையிலதான் இருக்கு.

[காட்சி: மாலை. நூலகத்தின் பிரதானக் கதவு மூடியிருக்கிறது. பக்கவாட்டுக் கதவில் வெளிச்சம்.]

நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கற அறைக்குத் தனி வாசல் வைங்க. கழிப்பறைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தும் போற வழி இருக்கட்டும். நூலகம் மூடின பிறகும் வாசகர் வட்டமோ, வேலைக்கு விண்ணப்பிக்கப் பழகறவங்களோ, கைபேசி கத்துக்கற பெரியவங்களோ உள்ள உக்காரலாம், புத்தகக் கூடம் பூட்டியே இருக்கும். பழுது பார்க்கும் நாள் நடத்தற நூலகங்களும் உண்டு. 2009-ல ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்ச பழக்கம் அது. உடைஞ்ச விளக்கையும் கிழிஞ்ச பையையும் எடுத்துட்டு வந்து, தெரிஞ்சவர் பக்கத்துல உக்காந்து சேர்ந்தே சரி பண்ணுவாங்க. அதுக்கு உறுதியான மேசையும், மேசைக்குப் பக்கத்துலயே மின்செருகியும் போதும்.

கணித ஆசிரியரா இருந்து நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகங்களுக்காக அவர் 1931-ல எழுதின ஐந்து விதிகள்ல கடைசி விதி, நூலகம் வளர்கிற உயிர்னு சொல்லுது. அதனாலதான், அசைக்க முடியாத மாதிரி கட்டற எதைப் பார்த்தாலும் எனக்குக் கவலையா இருக்கு. இன்னிக்குக் கணினி மேசைக்குன்னு தரையில பதிச்ச சுவரை, பத்து வருஷத்துல யாரோ ஒருத்தர் இடிக்க வேண்டியிருக்கும்.

வேலை நடக்கற மாசங்கள்ல ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருங்க. முழுசா மூடாதீங்க. ஒரு பள்ளி அறையோ, சமூகக் கூடமோ, ரெண்டு அடுக்கு, ஒரு மேசை. கதை நேரம் அதே கிழமையில, அதே மணிக்கு அங்க நடக்கட்டும். நூலகத்துக்கு வர்றது ஒரு பழக்கம். ஆறு மாசம் விட்டுப்போனா, பிள்ளை அந்த வயசையே தாண்டியிருக்கும்.

[காட்சி: மீண்டும் அதே படி. ஒரு கை அளவு நாடாவைப் படியோரம் நிமிர்த்திப் பிடிக்கிறது.]

அடுத்த தடவை உங்க நூலகத்துக்குப் போகும்போது ஒரு அளவு நாடா எடுத்துட்டுப் போங்க. படியோட உயரத்தைப் பன்னிரண்டால பெருக்குங்க. வாசல்ல அந்த நீளத்துக்கு இடம் இருக்கான்னு பாருங்க. அடுக்குகளுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னும் அளந்துக்குங்க. ஒரு தாள்ல எழுதி, தேதி போட்டு, நூலகர் கையில கொடுங்க.