ஏர்கோனில் ஒரு கிலோ வாயு கசிந்தால் என்ன ஆகும்? கம்பஸ் (பல்கலைக்கழக வளாகம்) கார்பன் கணக்கில் விடுபடும் பெரிய புள்ளி!

[திரையில்: ஆஸ்டல் சுவரில் ஏர்கோன் வெளிப்பெட்டி]

இந்தப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கிலோ குளிரூட்டும் வாயு வெளியேறினால், பூமியைச் சூடாக்குவதில் கப்சாய் மோட்டாரை (சின்ன மோட்டார் சைக்கிள்) 45,000 கிலோமீட்டர் ஓட்டியதற்குச் சமம். பூமியையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம், மக்களே!

வணக்கம். கெடா, பீடோங்கிலிருந்து பேசுகிறேன். செம்பனை, பால்மரம், பக்கத்திலேயே செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே படித்தாலும் இந்த அசைன்மெண்ட் வரலாம்: "உங்கள் கம்பஸ் சுற்றுச்சூழலை எவ்வளவு பாதிக்கிறது?"

பின்னணியை வேகமாக முடிக்கிறேன். இந்தோனேசியா பல்கலைக்கழகம் 2010-இல் பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் அக்கறையை மதிப்பிடும் கிரீன்மெட்ரிக் தரவரிசையைத் தொடங்கியது. மின்சாரம், குப்பை, தண்ணீர், போக்குவரத்து எல்லாம் அதில் உண்டு. கார்பன் கணக்கு, அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் எவ்வளவு வெளியாகின்றன என்ற கணக்கு, என்றால் மூன்று பங்கு: கம்பஸே வெளியிடுவது, வாங்குகிற மின்சாரம், மற்றதெல்லாம்.

அப்புறம் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? கேண்டீனில் தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) டப்பாக்களை எண்ணுகிறார்கள், மின்சார பில்லைக் கேட்டு வாங்குகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் முதல் பங்கில் வரவேண்டிய ஏர்கோன் வாயு கண்ணுக்குத் தெரியாது, அதனால் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆதங்கமே இதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஆர்-410ஏ என்ற ஏர்கோன் வாயு ஒரு கிலோ, 100 ஆண்டில் பூமியைச் சூடாக்கும் கணக்கில் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அப்படியென்றால் சுமார் 900 லிட்டர் பெட்ரோல்! லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் என்று வையுங்கள், 45,000 வந்துவிடும். புதிய பெட்டிகளில் இருக்கும் ஆர்-32 என்றால் ஒரு கிலோவுக்கு 675 கிலோதான். எந்த வாயு என்பது பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலேயே இருக்கும். உங்கள் பிளாக்கில் எது? கமெண்டில் போடுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன்.

[திரையில்: செம்புக் குழாய் மூட்டு, அருகில்]

இந்த மூட்டில் எண்ணெய்க் கறையும் அதில் ஒட்டிய தூசியும் தெரிகிறதா? கம்ப்ரஸர் எண்ணெய் வாயுவோடு சேர்ந்து வெளியே வரும். கறை இருந்தால் கசிவு என்று சந்தேகப்படலாம்.

எவ்வளவு கசிந்தது என்று அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பராமரிப்பு அலுவலகத்தில் சர்வீஸ் பதிவேட்டைக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியில் ஓராண்டில் எத்தனை கிலோ வாயு திரும்ப நிரப்பினார்களோ, ஏறக்குறைய அத்தனையும் காற்றில் போனதுதான். "குறை சொல்ல வரவில்லை அண்ணே, கணக்கெடுக்க வந்தோம்" என்று தன்மையாகக் கேளுங்கள். அந்தக் கிலோவை ஆர்-410ஏ என்றால் 2,088-ஆல், ஆர்-32 என்றால் 675-ஆல் பெருக்கி, மின்சார பில்லுக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.