உதவாத எண் ஒன்று

(ஈரோட்டில் வியாபாரிகளும் கல்லூரி மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

பலகையில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்: 2147483647. பத்து இலக்கம் என்பதால் போன் நம்பர் என்று நினைத்து யாரும் அடித்துப் பார்த்துவிட வேண்டாம். 2-ஐ 31 முறை போட்டுப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் இது வரும். இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் விட்டால் வேறு எதற்கும் மீதியின்றி வகுபடாது.

எப்படித் தெரியும்? வகுத்துத்தான் பார்க்க வேண்டும். இதன் வர்க்கமூலம் 46340-ஐ ஒட்டி வருகிறது. அதுவரைக்கும் எதுவும் வகுக்காவிட்டால் அதற்கு மேலும் வகுக்காது. அதுவரைக்கும் 4700-க்கு மேல் பகா எண்கள் இருக்கின்றன. கால்குலேட்டர் இல்லாத காலத்தில், பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்த நிலையில், ஆய்லர் என்ற கணித மேதை இதை முடித்துக் காட்டினார். 1772-இல் அது அச்சில் வந்தது.

கண்ணபுரம் சந்தைக்குக் காங்கேயம் காளை வாங்கப் போகிறவர் எல்லா மாட்டுக்கும் பல்லைப் பிடித்துப் பார்ப்பாரா? கொம்பையும் திமிலையும் பார்த்தே பாதியைக் கழித்துவிடுவார். ஆய்லர் செய்ததும் அதுதான். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 63 வருகிறவை மட்டும் தேறும். அப்படிப்பட்ட பகா எண்கள் 46340-க்குள் நூறுகூட இல்லை. அவற்றில் ஒன்றும் வகுக்கவில்லை. முடிந்தது வேலை.

சின்னதாக ஒன்று செய்து பார்க்கலாம். 2-ஐ 11 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. இது பகா எண் இல்லை, 23 பெருக்கல் 89. இரண்டையும் 22-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1.

"சரிங்க, இதனால என்ன பிரயோஜனம்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டுவிட்டார். நம்ம ஊரில் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயரும் இதையேதான் சொன்னார். நம் எண்ணை 2-ஆல் 30 முறை பெருக்கினால் 2305843008139952128 வரும். தன்னைவிடச் சிறிய வகுஎண்களை எல்லாம் கூட்டினால் தானே வரும் எண் அது. 1, 2, 3 கூடி 6 ஆவது போல. இவை வெறும் வேடிக்கைக்குத்தான், பயனில்லை, இதைவிடப் பெரியதைத் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்றார் பார்லோ. 1876-லேயே இதைவிடப் பெரியது கிடைத்துவிட்டது.

பயனுக்கு வருகிறேன். 1-இல் ஆரம்பித்து 7-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். நம் எண்ணைத் தாண்டும்போதெல்லாம் அதனால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதினோராவது பெருக்கலில் 1977326743. அடுத்ததில் தாண்டிவிடும், மீதி 956385319. இப்படியே போனால், நம் எண்ணுக்குக் கீழே உள்ள அத்தனை எண்களும் ஒரு தடவை வந்து போன பிறகுதான் மறுபடியும் 1 வரும். பார்வைக்குத் தாறுமாறாகத் தெரியும், ஆனால் எதுவும் விட்டுப்போகாது. 7-க்குப் பதில் அதன் ஐந்தாம் அடுக்கான 16807-ஐ வைத்து, கம்ப்யூட்டரில் குலுக்கல் எண் எடுக்கும் முறை பல காலம் புழக்கத்தில் இருந்தது.

இன்னொன்று. பழைய கம்ப்யூட்டர்கள் பல, 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் போடக்கூடிய 32 இடங்களில், எண்ணுகின்றன. அதில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்று சொல்லப் போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுவேதான். அந்த நொடி நம் கடிகாரத்தில் 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அதற்குள் மாற்றப்படாத எந்திரம், அடுத்த நொடியில் கழித்தல் எண்ணுக்குத் தாவி 1901-க்குப் போய்விடும். உங்கள் மில்லில் பழைய கன்ட்ரோலர் ஓடினால், மெக்கானிக்கிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.