மூன்றாம் முறை கேட்காத நாய்

நேயர்களுக்கு வணக்கம். மின்தூக்கியில் பூடில் நாயைக் கண்டு ஒதுங்கி நிற்பவர்களும், பூங்காவில் அடுத்தவர் நாயை ஆசையோடு தடவிக்கொடுப்பவர்களும் இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இரு சாராருக்குமாக, பார்வைக்கு ஓநாயாகவே தோன்றும் செக்கோஸ்லோவாக்கிய வுல்ஃப்டாக் என்னும் அரிய இனத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1955-இல், காரெல் ஹார்ட்ல் என்பவரின் முயற்சியால், கார்ப்பாத்திய மலைப்பகுதி ஓநாயையும் ஜெர்மன் ஷெப்பர்டு நாயையும் இணைசேர்க்கும் சோதனை அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் தொடங்கியது. பிரிட்டா என்ற பெண் ஓநாய்க்கு 1958 மே 26 அன்று முதல் கலப்புக் குட்டிகள் பிறந்தன. அவற்றைப் பழக்குவது பெரும்பாடாக இருந்தது. மேலும் மேலும் ஷெப்பர்டுடன் சேர்த்த பிறகு, மூன்றாம், நான்காம் தலைமுறையில்தான் எல்லைக் காவலுக்குப் பழக்கக்கூடிய நாய்கள் கிடைத்தன.

இங்கேதான் நான் எப்போதும் வலியுறுத்தும் செய்தி இருக்கிறது. ஷெப்பர்டு, எறிந்த கட்டையைப் பத்து முறையும் அதே உற்சாகத்துடன் எடுத்துவரும். செக் நாட்டுப் பயிற்சித் திடல் ஒன்றில் நான் கண்ட வுல்ஃப்டாக்கோ, முதல் முறை பாய்ந்து எடுத்துவந்தது. இரண்டாம் முறை நடந்துபோய் எடுத்தது. மூன்றாம் முறை கட்டையையும் பயிற்றுநரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புல்லை முகரத் தொடங்கிவிட்டது. அதைப் பிடிவாதம் என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன். காரணமின்றி ஒரே செயலைத் திரும்பச் செய்வதில் அதற்கு நாட்டமில்லை, அவ்வளவே. அந்தப் பயிற்றுநர் அதட்டவில்லை. கட்டையைப் புதருக்குள் மறைத்துவைத்துத் தேடச் சொன்னார், நாய் உடனே மூக்கைத் தரையில் பதித்து ஓடியது. மறுபடியும் சொல்கிறேன்: இந்த நாய்க்குக் கட்டளை மட்டும் போதாது, காரணம் வேண்டும்.

ஓயாமல் குரைப்பது இதன் இயல்பன்று. அண்டை வீட்டார் அதற்காக மகிழ்ந்துவிட வேண்டாம். தனியே விட்டால் ஊளையிடும். கதவுக் கைப்பிடியை அழுத்தித் திறக்கக் கற்றுக்கொள்ளும், வேலிக்கடியில் தோண்டும். குட்டிப் பருவத்திலேயே பலவகை மனிதர்களையும் ஓசைகளையும் பழக்காவிட்டால், வளர்ந்தபின் அந்நியரைக் கண்டு மிரளும்.

நமது சிங்கப்பூரின் தட்பவெப்பம் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்வதானால், இரண்டு அடுக்காக அடர்ந்த உரோமமுள்ள இதை வெயில் ஏறியபின் ஓடவிடக் கூடாது. அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களுக்கே இடமளிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இதை வளர்க்கவும் இயலாது. தரைவீடு வைத்திருப்பவர்கள், குட்டியின் அழகில் மயங்குமுன், வளர்ந்த நாய் ஒன்றுடன் ஒரு நாள் முழுவதும் இருந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.